கருமுட்டை எடுக்கும்போது முழு மயக்கம் கொடுப்பார்களா?

ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும்) சிகிச்சையில் முட்டை எடுப்பது வலிக்குமா, முழு மயக்கம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் வேண்டாம். ஸ்கேன் பார்த்தபடி யோனி வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, சினைப்பை நுண்ணறைகளிலிருந்து (முட்டை வளரும் சிறு பைகள்) முட்டையோடு திரவத்தை உறிஞ்சுவார்கள். 15 முதல் 30 நிமிடங்களில் முடிந்துவிடும். எனவே இரத்தக்குழாய் வழியாக புரோபோஃபோல் (தூக்க மருந்து), ஃபென்டனில் (வலி மருந்து) போன்றவற்றைக் கொடுத்துத் தூங்கவைப்பதே பரவலான வழக்கம். தொண்டையில் குழாய் பொதுவாகத் தேவைப்படாது. மருந்து ஏறும்போது கையில் சுரீரென்று எரியலாம். என்னவென்று யோசிப்பதற்குள் தூங்கிவிடுவீர்கள்.

கருப்பை வாயைச் சுற்றி மரப்பு ஊசி மட்டும் போட்டும் செய்யலாம். விழித்திருப்பீர்கள், அழுத்தம் தெரியும். நுண்ணறைகள் நிறைய இருந்தால் இது மட்டும் போதாது என்பேன். தூக்க மருந்தையும் சேர்த்தால் வலி நன்றாகவே அடங்கும். முதுகுத்தண்டு ஊசியும் உண்டு, ஆனால் கால் மரப்பு நீங்கும்வரை படுத்திருக்க வேண்டும்.

மயக்க மருந்து முட்டையைக் கெடுக்குமோ என்பதுதான் பலருடைய உண்மையான பயம். கர்ப்ப வாய்ப்பில் இந்த முறைகளில் ஒன்று மற்றவற்றைவிட மேல் என்று நிறுவப்படவில்லை.

தூக்கத்தில் மூச்சுத் தடை, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை இருந்தால் மயக்கவியல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தூக்க மருந்து எடுத்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.