எடைக்குப் போகும் ஐந்தொகை

கேள்வி: சொந்த ஊர் தேவகோட்டை. சென்னையில் சர்வதேச அரசியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 1960-களில் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறியதுதான் தலைப்பு. புள்ளிவிவரம் இல்லாவிட்டால் அது ஆய்வல்ல, கதை என்கிறார் வழிகாட்டி. எனக்கு ஆவணங்களைப் படித்து எழுதத்தான் பிடிக்கிறது. மரபு முறையா, அறிவியல் முறையா? பொங்கலுக்குள் ஊர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஐயா (அப்பாவின் அப்பா) ரங்கூனிலிருந்து அனுப்பிய ஐந்தொகைக் கணக்கு, கடிதமெல்லாம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கிறது. அந்தத் தமிழ் இலக்கமெல்லாம் எங்களுக்குப் புரியாது, எடைக்குப் போடுகிறோம். அப்பத்தா அழுகையில் படிப்பே ஓடவில்லை.

பதில்: தம்பி, இந்தச் சண்டை 1966-லேயே நடந்தது. எண்ணிக்கைக்குள் அடங்காததுதான் அரசியலில் முக்கால்வாசி, அதற்கு வரலாறும் நிதானிப்பும் வேண்டும் என்று மரபு முறைக்காக ஹெட்லி புல் என்ற சர்வதேச அரசியல் அறிஞர் எழுதினார். அறிவியல் முறைக்காக மார்ட்டன் கப்லான் என்ற அறிஞர் அதே ஆண்டு மறுத்து எழுதினார். அதே கட்சிக்காரரான டேவிட் சிங்கரோ 1963 முதலே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போர்களை எண்ணிக்கொண்டிருந்தார். களத்தில் 1,000 பேராவது செத்தால்தான் அவர் கணக்கில் அது போர். கடையைப் பறிகொடுத்துக் கப்பலேறியவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஆனாலும் புள்ளியியல் படியுங்கள், கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

அந்தத் தகரப் பெட்டிக்கு வருவோம். ஆவணம் படிக்கப் பிடிக்கும் என்று எழுதிய கைதான், நாலு வரி தள்ளி, "எடைக்குப் போடுகிறோம்" என்றும் எழுதியிருக்கிறது. கூசவில்லையா? கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன மனுஷர் ஆளைப் பார்த்துத்தான் கடன் கொடுத்திருப்பார்; கொடுத்ததைக் காசு விடாமல் எழுதியும் வைத்திருப்பார். புல்லும் சிங்கரும் உங்கள் ஐயா கணக்கெழுதிய பெட்டியடியில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். 1964-இல் பர்மா அரசு கடைகளை எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாமலாக்கியது. அந்த ஆண்டு ஐயா ஊருக்கு என்ன எழுதினார்? அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் எது? பேரனுக்கே தெரியாது.

உங்களுக்குப் புரியாதாம். அப்பத்தாவுக்கு? கேட்டீர்களா? ஐயா அக்கரையில் இருந்த காலமெல்லாம் அந்தக் காகிதங்களைப் பார்த்துத்தானே அவர் இங்கே குடும்பம் நடத்தியிருப்பார். அவர் அழுகை உங்கள் படிப்புக்கு இடைஞ்சலாகிவிட்டது! பெற்றவர்களையும் சொல்ல வேண்டும், ஆனால் கடிதம் எழுதியது நீங்கள்.

எடைக்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை ஊருக்குப் போய், பெட்டியை முகப்பில் வைத்து, அப்பத்தா பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். ௭ எது, ௯ எது என்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும். வழிகாட்டிக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.