எல்லோருக்கும் பரதம்: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

குன்னூரில் மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே வகுப்பில் பரதம் கற்பித்துவரும் ஆசிரியை, வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

டவுன் நோய்க்குறி உள்ள என் மகனை நடனத்தில் சேர்க்கலாமா? (கோத்தகிரி, ஒரு தாய்)

சேர்க்கலாம், அதற்கு முன் அவனுடைய கழுத்தையும் இதயத்தையும் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருப்பதால், சிலருக்கு முதல் இரு கழுத்தெலும்புகள் விலகித் தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து உண்டு. குட்டிக்கரணமும் தலையை வேகமாகச் சுழற்றுவதும் வேண்டாம். கழுத்து வலி, நடையில் தடுமாற்றம், கையில் பலக்குறைவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வகுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. நாமோ 1,800 மீட்டர் உயரத்தில் வாழ்கிறோம். ஆதலால் மூச்சு வாங்கினால் உடனே உட்கார வையுங்கள். எந்த ஆசிரியராயினும், அவன் கையையோ காலையோ பிடித்து இழுத்து நிலைக்குக் கொண்டுவர அனுமதிக்காதீர்கள்.

காது கேளாத மாணவி தாளத்தை எப்படிப் பிடிப்பாள்? (அருவங்காடு, நடன ஆசிரியை)

நம் தாளம் கண்ணுக்குத் தெரியும் தாளம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும், ஒரு தட்டு, மூன்று விரல்கள், பிறகு இருமுறை தட்டும் வீச்சும் என்று கையிலேயே நடந்துமுடிகிறது. அதைப் பார்க்கும் இடத்தில் அவளை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. மீதியைத் தரை செய்யும். பழைய பங்களாக்களின் மரத்தளத்தில் மிருதங்கத்தை வைத்து வாசித்தால், அதன் இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த ஒலி அவள் உள்ளங்காலுக்கு எட்டும். சிமெண்டுத் தரையில் அது எட்டாது, முழங்காலும் கெடும். முதுகைக் காட்டிக்கொண்டு பேசாதீர்கள், ஜதியை, அதாவது தாளச் சொற்கட்டை, கையால் காட்டாமல் சொல்லாதீர்கள்.

நடனத்தால் மூளை முடக்குவாதம் குணமாகுமா? (வெலிங்டன்)

ஆகாது. அவர்களின் ஏற்கெனவே இறுகிய தசை குளிரில் மேலும் இறுகும் என்பதால், உதகை, குன்னூர்ப் பனிக்காலத்தில் அதிகாலை வகுப்பைத் தவிர்த்து, அறையைச் சூடாக்கிய பிறகே தொடங்குங்கள்.

ஆட்டிசம் குணமாகுமா? (கூடலூர்)

முந்தைய பதிலின் முதல் சொல்லைப் படிக்கவும். பலர் ஒன்றாக ஆடும்போது எழும் சலங்கை ஒலி சில குழந்தைகளைத் துன்புறுத்தும். அவர்கள் வகுப்பில் இருக்கும்போது எல்லோரும் சலங்கையின்றியே பயிலலாம்.

சக்கர நாற்காலியில், முழங்காலை வெளிப்புறம் மடக்கி நிற்கும் அரைமண்டி ஏது? அரைமண்டி இல்லாதது பரதமா? (உதகை, மூத்த ஆசிரியை)

அம்மா, அரைமண்டி இல்லையென்றால் தூய ஆடலான நிருத்தத்தின் ஓர் அழகு இல்லாமற்போகிறது. அதை மறைத்துப் பேசுவது மாணவருக்கும் கலைக்கும் மரியாதையாகாது. ஆனால் பதம் என்ற பாடலுக்கு அமர்ந்தபடியே அபிநயம் செய்யும் வழக்கம் நம் மரபிலேயே உண்டு. அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் கூறும் 28 ஒற்றைக்கை முத்திரைகளில் எதற்கும் கால் தேவையில்லை. பாதத்தால் தட்டும் அடிப்படை அடவான தட்டடவை உள்ளங்கையால் தொடையில் தட்டி மூன்று வேகத்திலும் பிசகாமல் செய்பவர், தாளம் தவறி நின்று ஆடுபவரைவிடச் சரியாகக் கற்றவர் என்பேன்.

எங்கள் படுகர் ஊர்களில் வட்டமாக ஆடும்போது இந்தச் சண்டையே வருவதில்லையே? (கேத்தி)

உண்மைதான். வட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்து ஆடுவதை நான் வகுப்பில் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனினும் அங்கே தனித்து நின்று தேர்ச்சியைக் காட்டுவது நோக்கமன்று. உதகை அம்மையார் கேட்பது அதைப் பற்றித்தான்.

அப்படியானால் அரங்கேற்றத்தில் சக்கர நாற்காலி மாணவருக்குச் சலுகை தருவீர்களா? (மீண்டும் உதகை)

தரமாட்டேன். உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பதில் விட்டுக்கொடுப்பேன், லயத்திலும் உணர்ச்சியைக் காட்டும் பாவத்திலும் விட்டுக்கொடுக்கமாட்டேன். இதற்குமேல் நேரில் பேசுவோம்.

ஒரு காலை இழந்த என் மகள் சுதா சந்திரன் போல் ஆவாளா? (மஞ்சூர், ஒரு தந்தை)

செயற்கைக் காலுடன் ஆடிய அந்த நடனக் கலைஞர், காலை இழக்கக் காரணமான 1981 விபத்துக்கு முன்பே பல ஆண்டுகள் பயின்றவர். புதிதாகத் தொடங்கும் குழந்தையின் தலையில் அந்த ஒப்பீட்டை ஏற்றாதீர்கள். செயற்கைக் கால் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பக்கவாதம் குணமாகுமா? (குன்னூர்)

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: நடனம் மருந்தன்று.

பார்வையற்ற மாணவனுக்கு நிலையை எப்படிக் காட்டுவது? (கோத்தகிரி, பயிற்சி ஆசிரியர்)

தரையில் மெல்லிய கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டினால், அவன் தன் இடத்தைப் பாதத்தால் அறிவான். நிலையைக் காட்ட, அவன் கையை நீங்கள் பிடிக்க வேண்டாம். கேட்டுவிட்டு, உங்கள் தோளிலும் முழங்கையிலும் அவன் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.