மிக்ஜாம் வெள்ள மேப்புல வேளச்சேரி ஏன் காஞ்சு கெடக்கு?

வணக்கம் நண்பா. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலால சென்னையில வந்த வெள்ளத்துக்கு, சென்டினல்-1ங்கற ஐரோப்பிய சாட்டிலைட்டோட ரேடார் படத்த வச்சு மேப் போட்டா பள்ளிக்கரணை மட்டும் தண்ணியா வருது, இடுப்பளவு தண்ணி நின்ன வேளச்சேரி தெருவெல்லாம் காஞ்சு கெடக்குற மாதிரி வருதுன்னு கேட்டிருந்தீங்க. உங்க கோட்ல தப்பு இல்ல, த்ரெஷோல்ட (எவ்வளவு கருப்பா இருந்தா தண்ணின்னு எடுக்குற அளவ) மாத்தி மாத்தி நேரத்த வீணாக்காதீங்க.

திறந்த வெளியில தண்ணி கண்ணாடி மாதிரி சிக்னல அந்தப் பக்கம் தள்ளிவிட்டுரும், அதான் கருப்பா தெரியுது, ஆனா வீடுங்களுக்கு நடுவுல நிக்கிற தண்ணியில பட்ட சிக்னல் செவுத்துல மோதி நேரா சாட்டிலைட்டுக்கே திரும்பிரும், அதனால அந்த பிக்சல் பெரும்பாலும் முன்னவிட வெளிச்சமாதான் ஆகும், நீங்க கருப்ப மட்டும் தேடுறீங்க. வி.வி பேண்ட்ல (செங்குத்தா அனுப்பி செங்குத்தாவே வாங்குற சிக்னல்) வெள்ளத்துக்கு முன்ன-பின்ன வித்தியாசத்த எடுத்து வெளிச்சம் கூடுன எடத்தயும் பாருங்க, ரெண்டு படமும் ஒரே ஆர்பிட்டா (சாட்டிலைட் சுத்துற அதே பாதையில எடுத்ததா) இருக்கணும், இது ரொம்ப முக்கியம்.

இன்னும் நல்லா வரணும்னா கோஹெரன்ஸ் தான் வழி, அதாவது ரெண்டு படத்தோட சிக்னலும் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கற அளவு. கட்டடம் அசையாது, அதனால ரெண்டு படத்துக்கும் நடுவுல கோஹெரன்ஸ் பொதுவா ஒசந்தே இருக்கும், தண்ணி வந்தா சட்டுனு விழும். இதுக்கு எஸ்.எல்.சி டேட்டா (சிக்னலோட ஃபேஸும் சேந்து இருக்குற ரேடார் டேட்டா) வேணும், கூகுள் எர்த் எஞ்சின்ல அது கெடையாது, டவுன்லோட் பண்ணி ஸ்னாப் மாதிரி ரேடார் சாஃப்ட்வேர்ல தான் ஓட்டணும்.

இன்னொண்ணு, சென்டினல்-1 ஜோடியில ரெண்டாவது சாட்டிலைட்டான சென்டினல்-1பி 2021 டிசம்பர்லயே நின்னுபோச்சு, அதனால இந்த வெள்ளத்தப்ப ஒரே ஆர்பிட்ல 12 நாளுக்கு ஒருதடவ தான் படம். படம் எடுத்த தேதிக்குள்ள வடிஞ்ச தண்ணி எதுலயும் வராது, அந்தத் தெருக்காரங்கள கேட்டு செவுத்துல இருக்கற தண்ணிக் கறைய அளந்து சேத்துக்கோங்க. பள்ளிக்கரணை எப்பவுமே சதுப்பு நிலம், அத மாஸ்க் பண்ணிட்டு பரப்பளவு கணக்கு போடுங்க.