பக்கவாதத்துக்குப் பின் கை திரும்புமா? வாசகர் கேள்விகள்

அப்பாவுக்குக் கை வரவில்லை. புதிதாக என்ன சிகிச்சை இருக்கிறது?

என்றைக்கு வந்தது, மூளை ரத்தக்குழாயில் அடைப்பா ரத்தக்கசிவா, விரல் கொஞ்சமாவது அசைகிறதா? ஒன்றுமே எழுதவில்லை. இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. மறுபடி எழுதுங்கள். அதுவரை, அவரை எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டு இறங்கிவிடும்.

கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி, பக்கவாதம் வந்து 2 வருடம் ஆனவருக்கு உதவுமா?

வேகஸ் நரம்புத் தூண்டலைக் கேட்கிறீர்கள். 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நெஞ்சில் தோலுக்கடியில் கருவியை வைத்து, கழுத்தின் இடப்பக்க நரம்போடு கம்பியால் இணைப்பார்கள். நோயாளி கையை அசைக்கும்போதே சிகிச்சையாளர் அதை இயக்குவார். ஆய்வில் இருந்த 108 பேரும் அடைப்பால் பாதிக்கப்பட்டவர்கள்; 9 மாதம் முதல் 10 வருடம் வரை ஆனவர்கள். அதனால் 2 வருடம் தாமதமில்லை. தூண்டல் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம். பயிற்சி மட்டும் செய்தவர்களிலும் கால்வாசிப் பேர் தேறினார்கள், அதையும் கவனியுங்கள்.

ரோபோ பயிற்சிக்குக் கடன் வாங்கலாமா?

வேண்டாம். பிரிட்டனில் 770 பேரிடம் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்பாடு கூடவில்லை.

8 மாதமாகத் தினமும் ரப்பர் பந்தை அமுக்குகிறேன். விரல் இன்னும் இறுகுகிறதே?

இந்தப் பந்தைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். என்னிடம் வருபவர்களில் பலர் பையிலிருந்து முதலில் எடுப்பது இதைத்தான். பக்கவாதக் கையில் மடக்கும் தசை பெரும்பாலும் தானாகவே இறுகும். போவது விரிக்கும் சக்தி. டம்ளரைப் பிடிக்கவே முதலில் விரல் திறக்க வேண்டும். நீங்களோ 8 மாதமாக மூடுவதற்கே பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்!

பந்தை வையுங்கள். மணிக்கட்டை மேலே தூக்குங்கள், டம்ளரைச் சுற்றி விரலைத் திறந்து பிடித்து விடுங்கள், மேஜையில் துண்டைத் தள்ளுங்கள். பத்து தடவை செய்துவிட்டுக் களைத்துப் படுத்தால் போதாது. நாளுக்குச் சில நூறு தடவையை நோக்கி மெல்லக் கூட்டுங்கள். மணிக்கட்டும் விரல்களும் 10 டிகிரியாவது நிமிர்ந்தால், நல்ல கைக்கு உறை மாட்டிச் செயலிழந்த கையையே பழக்கும் முறை இருக்கிறது. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 222 பேரில் ஒரு பகுதியினர் 2 வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அப்படி இருந்தார்கள். பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. அசைவே இல்லாதவருக்கு இது சித்திரவதை, செய்யாதீர்கள். அப்புறம், வாசல்நிலையில் கப்பி கட்டிக் கையை மேலே இழுக்கும் வேலையும் வேண்டாம். இழுத்தால் தோள் கெடும் என்று எத்தனை தடவை சொல்வது!

போடாக்ஸ் ஊசி?

இறுக்கம் மூன்று மாதம் போலத் தளரும். அந்த மூன்று மாதமும் பயிற்சி செய்யாவிட்டால் பணம் வீண்.

விரலே அசையவில்லை. கண்ணாடிப் பயிற்சி எப்படி?

சென்னையில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காகக் கொண்டுவந்தது இது. முழங்கை வரை மறைக்கும் கண்ணாடியை நடுவில் நிறுத்தி, செயலிழந்த கையைப் பின்னால் வையுங்கள். மோதிரம், வளையல் கழற்றிவிடுங்கள். நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரு கைகளையும் அசைக்க முயலுங்கள். தினம் அரை மணி நேரம், ஒரு மாதமாவது. அந்தக் கையை மேஜைமேல் வைக்கும்போதும் தாங்கித் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள்.