எதிராளியோடு கைகுலுக்கிவிட்டார்கள், நான் இருக்கலாமா?

கேள்வி: ஆறு வருடமாக ஒரு ஓப்பன் சோர்ஸ் (யாரும் கோடைப் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருளுக்குச் சம்பளமில்லாமல் கோட் எழுதுகிறேன். அதை நடத்தும் நிறுவனம், இத்தனை நாள் எங்களை ஏளனம் செய்த ஒரு மூடிய மென்பொருள் நிறுவனத்தோடு இப்போது கூட்டு சேர்ந்திருக்கிறது. மனசு ஒப்பவில்லை. நண்பர்கள் என்னை வெறியன் என்கிறார்கள். விலகிவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வெறியன் என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், உங்களுடையது சூடு கண்ட பூனையின் பயம்.

2006 நவம்பரில், லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தை விற்றுவந்த நோவெல் நிறுவனம் மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டு பேருடைய மென்பொருளும் ஒத்துப்போக வேலை செய்வோம் என்றார்கள், சரி, அதில் யாருக்கு என்ன நஷ்டம்? இடித்தது பேட்டண்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) பகுதிதான். நோவெலிடம் சூசே லினக்ஸ் வாங்குகிறவர்கள்மேல் வழக்குப் போட மாட்டோம் என்றது மைக்ரோசாஃப்ட். அப்போ மற்றவர்கள்மேல் போடுவார்களா? ஊரே கூடி எழுதிய கோட், குடை மட்டும் ஒரு கடையின் வாடிக்கையாளருக்கு! லினக்ஸும் விண்டோஸும் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா திட்டத்தின் முக்கிய டெவலப்பர் ஜெரமி ஆலிசன் இதற்காகவே நோவெல் வேலையை விட்டார். ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின், 2007 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில், இப்படி ஆள் பார்த்துக் குடை பிடிப்பதைத் தடுக்கத் தனிப் பத்தியே சேர்த்தார்கள்.

அதே மைக்ரோசாஃப்ட் 2018-ல், லினக்ஸைப் பேட்டண்ட் வழக்குகளிலிருந்து காக்கும் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் அமைப்பில் சேர்ந்து, 60,000-க்கும் மேற்பட்ட பேட்டண்டுகளை லினக்ஸுக்கு எதிராக வீசமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. அப்போது அந்த அமைப்பில் யாரும் காசில்லாமல் சேர முடிந்தது. அதனால் யாரோடு கூட்டு என்பதைவிட, என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் கையெழுத்தைப் பாருங்கள். முதல் பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பியபோது ஒரு பங்களிப்பாளர் ஒப்பந்தம் வந்திருக்கும், படிக்காமல் சம்மதம் தட்டியிருப்பீர்கள் (நானும் தட்டியவன்தான்). உரிமத்தை மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தை அதில் கொடுத்திருந்தால், உங்கள் கோடையும் சேர்த்து அடுத்த பதிப்பை அவர்கள் மூடிவிட முடியும். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023-ல் டெர்ராஃபார்ம் என்ற தன் மென்பொருளின் உரிமத்தை மாற்றியது, உடனே பழைய கோடிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனிக் கிளை கிளம்பியது. ஏற்கனவே வெளியான பதிப்பைத் திரும்பப் பிடுங்க முடியாது, அதுவே உங்கள் பிடி. ஆனால் பெயர் அவர்களுடையது. 2010-ல் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்தவர்கள் அந்தப் பெயரை அதன் உரிமையாளரான ஆரக்கிள் நிறுவனத்திடம் விட்டுவிட்டு லிப்ரேஆஃபிஸ் என்று புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

நிறுவனத்திடம் எழுத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: பேட்டண்ட் வாக்குறுதி எல்லாருக்குமா, வாடிக்கையாளருக்கு மட்டுமா? உரிமம் மாறாது என்று எழுதித் தருவீர்களா? பதில் வரும்வரை சின்னச் சின்ன பக் சரிசெய்து கொண்டிருங்கள். ராத்திரி முழித்து எழுதும் அந்தப் பெரிய வசதி மட்டும் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.