வாசகர் கேள்வி பதில்: டிரெய்லர் இழுக்க எந்த ட்ரக்?

கேள்வி: நாங்கள் பார்த்து வைத்திருக்கும் அரை டன் பிக்அப் 9,200 பவுண்டு இழுக்கும் என்கிறது விளம்பரத் தாள். டிரெய்லரின் அதிகபட்ச எடையே 7,000 பவுண்டுதான். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். தாராளமாகப் போதும்தானே?

தாராளம் என்று சொல்ல முடியாது. 'அரை டன்', 'முக்கால் டன்' என்பவை ட்ரக் வகைகளின் பெயர்தான், அவை சுமக்கும் எடை அல்ல. 9,200ஐ மறந்துவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். 'ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது' என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுதான் அந்த ட்ரக்கின் பேலோட். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ட்ரக்குகளுக்கு இந்த எண் 400, 500 பவுண்டு வரை மாறலாம். சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று வசதி கூடக் கூட பேலோட் குறையும். ஷோரூமில் பளபளவென்று நிற்பதுதான் பெரும்பாலும் குறைவாகச் சுமக்கும்.

உங்கள் ஸ்டிக்கரில் 1,480 என்று இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுவோம். ட்ரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்புக்கு ஹிட்ச் என்று பெயர். டிரெய்லரின் மூக்கு, அந்த ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்பார்கள். பயண டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 என்று வைத்துக்கொள்ளலாம். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய டிரெய்லர் 6,600 பவுண்டு என்றால் டங் வெயிட் சுமார் 860. எடையைப் பகிரும் ஹிட்ச் (மூக்கின் எடையில் ஒரு பகுதியை ஸ்பிரிங் பார்கள் என்ற கம்பிகளால் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளுவது) 90. பெரியவர்கள் இருவர் 340, குழந்தைகள் இருவர் 150. கூட்டினால் 1,440. மிச்சம் 40 பவுண்டு. ஐஸ் நிரப்பிய ஒரு கூலரைப் பின்னால் வைத்தாலே அது தீர்ந்துவிடும். ட்ரக்கின் பின்பெட்டிக்கு மூடி, சைக்கிள், ஜெனரேட்டர் எதற்கும் இடமில்லை. நல்லவேளையாக முழு டேங்க் எரிபொருள் ஸ்டிக்கர் எண்ணில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். ஆனால் வாங்கிய பிறகு பூட்டிய கால்படி, பெட்டி மூடி எதுவும் அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் 9,200 எங்கிருந்து வந்தது? எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற சோதனை முறையிலிருந்து. அதில் ட்ரக்கில் இருப்பதாகக் கொள்வது ஆளுக்கு 150 பவுண்டில் ஓட்டுநரும் இன்னொருவரும். டங் வெயிட் 10 சதவீதம். அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில், ஏ.சி. ஓட, குறைந்தபட்ச வேகம் குறையாமல் ஏற வேண்டும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அது நேர்மையான சோதனைதான். உங்கள் பிள்ளைகளும் கூலரும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

டிரெய்லர் தாளில் போட்டிருக்கும் டங் வெயிட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சமயம் அது பேட்டரியும் காஸும் இல்லாத வெறும் டிரெய்லரின் எடை. நிரம்பிய 20 பவுண்டு காஸ் சிலிண்டர் ஒன்று சுமார் 37 பவுண்டு இருக்கும். இரண்டு சிலிண்டரும் ஒரு பேட்டரியும் சேர்ந்தால் 120 பவுண்டுக்கு மேல். மூன்றும் உட்காருவது மூக்கின் மேலேயே. தண்ணீர் ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். ஆகவே கணக்குப் போட 'வெற்று எடை' உதவாது. டிரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது அது தாங்கக்கூடிய மொத்த எடை, அதில் 13 சதவீதத்தை எடுங்கள். உங்கள் டிரெய்லருக்கு அது 910 வரும். அந்த 40 பவுண்டும் போய்விட்டது, பார்த்தீர்களா? இதே டிரெய்லர்தான் வேண்டும் என்றால் ஸ்டிக்கரில் 1,800க்குக் குறையாத ட்ரக்கைத் தேடுங்கள். அரை டன்னிலேயே கிடைக்கும், ஆனால் தேட வேண்டும்.

கேள்வி: டிரெய்லரை மாட்டியதும் ட்ரக்கின் பின்பக்கம் தாழ்ந்து, ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் சரியாகுமா?

பார்வைக்குச் சரியாகும். பின்பக்கம் உயரும், ஆனால் முன் அச்சிலிருந்து போன எடை திரும்பி வராது. ஸ்டீயரிங் லேசாவதற்குக் காரணம் அந்த எடை போனதுதான். ஏர் பேக் பேலோடையும் கூட்டாது; கதவு ஸ்டிக்கர் மாறுவதில்லை.

எடையைப் பகிரும் ஹிட்ச் வேண்டும். ஏற்கெனவே இருந்தால் அதைச் சரியாக அமைக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பு வரை அளவு எடுங்கள். ட்ரக் தனியாக நிற்கும்போது 36 அங்குலம் என்று வையுங்கள். ஸ்பிரிங் பார் போடாமல் டிரெய்லரை மட்டும் மாட்டினால் 37½ ஆகிறது. பார் போட்டபின் 36¾க்கு இறங்கினால், ஏறிய உயரத்தில் பாதி திரும்பிவிட்டது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ட்ரக்கின் கையேடு சொல்லும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும். 36க்கும் கீழே இறங்கக் கூடாது. அப்படி இறங்கினால் பின் சக்கரம் தேவைக்கு மேல் லேசாகிவிட்டது என்று அர்த்தம், ஈரச் சாலையில் வழுக்கும். போதவில்லை என்றால் பாரைப் பிடித்திருக்கும் சங்கிலியை ஒரு கண்ணி குறுக்கி, இன்னும் இறுக்கமாக மாட்டுங்கள். அதிலும் வராவிட்டால் ஹிட்ச் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டும். பெரும்பாலானோர் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதே இல்லை.

பிறகு லாரி நிறுத்தத்து எடை மேடையில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எண் கிடைக்கும். பின் அச்சின் எண்ணைக் கதவிலுள்ள அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: டீசல் முக்கால் டன் வாங்கிவிட்டால் எந்தக் கவலையும் இல்லை என்கிறார் நண்பர். உண்மையா?

பாதி உண்மை. டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம். முக்கால் டன் ட்ரக்குகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்கிறது. இன்ஜின் கனம் கூடினால் அந்த அளவு பேலோட் குறையும். எல்லா வசதியும் கொண்ட டீசல் முக்கால் டன், நன்றாகத் தேர்ந்த பெட்ரோல் அரை டன்னைவிடப் பெரிதாக அதிகம் சுமக்காத நிலை உண்டு. அங்கேயும் ஸ்டிக்கரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டீசலின் உண்மையான பலம் மலை இறக்கத்தில். எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் பெரும்பாலும் கால் பிரேக்கைத் தொடாமலே இறங்கலாம். உயரமான இடங்களிலும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கு மதிப்பு உண்டு: டர்போ இல்லாத இன்ஜின் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். 8,000 அடிக் கணவாயில் கால்பங்கு போய்விடும். ஆனால் இந்தப் பலன் டர்போ பெட்ரோல் இன்ஜினிலும் கிடைக்கிறது. வாரம் முழுக்க 3 மைல் அலுவலகப் பயணம், வருடத்தில் நான்கு முறை மட்டும் டிரெய்லர் என்றால் டீசல் வேண்டாம். குறுகிய ஓட்டத்தில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடேறாது, அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரே ட்ரக்கில் 3.21, 3.92 என்று இரண்டு அச்சு விகிதம். எது?

அச்சு விகிதம் என்பது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது. டிரெய்லருக்கு 3.92. சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை சுமார் 22 சதவீதம் கூடும். வெறுமனே ஓடும்போது எரிபொருள் சற்று அதிகம் குடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 65 மைல் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டுகிறது. ட்ரக் சிறியது என்பதாலா?

முதலில் மூக்கு எடையைப் பாருங்கள். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எவ்வளவு பெரிய ட்ரக்கிலும் வாலாட்டும். பின் பம்பரில் சைக்கிள் தாங்கி மாட்டியிருக்கிறீர்களா? இரண்டு சைக்கிளின் எடை அச்சிலிருந்து அவ்வளவு தூரத்தில் தொங்கும்போது மூக்கை நெம்பித் தூக்கிவிடும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் நிரப்பாமல் போங்கள். டயர் காற்றையும் பாருங்கள். டிரெய்லருக்கென்று செய்த எஸ்.டி. வகை டயர்களில் பலவற்றுக்கு 65 மைல்தான் உச்ச வேகம். ஆட்டம் தொடங்கிவிட்டால் ட்ரக் பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகமும் கூட்டாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் கன்ட்ரோலரின் (ஓட்டுநர் அருகிலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) கை விசையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள்.

கேள்வி: பழைய ட்ரக் ஒன்றில் பின்னால் 2 அங்குல ரிசீவர் (ஹிட்சைச் செருகும் சதுரக் குழாய்) இருக்கிறது. டோ பேக்கேஜ் (டிரெய்லர் இழுப்பதற்கான கருவித் தொகுப்பு) உள்ளது என்று நம்பலாமா?

ரிசீவரை யார் வேண்டுமானாலும் பூட்டலாம். 7 முனை பிளக், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், கியர்பாக்ஸ் ஆயில் கூலர் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ரிசீவரிலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வெறும் பந்துக்கு ஒரு வரம்பு, எடையைப் பகிரும் ஹிட்சுக்கு வேறு வரம்பு என்று இரண்டு வரி இருக்கும். முதல் வரி 5,000 பவுண்டு, டங் வெயிட் 500 என்று இருந்தால், மேலே சொன்ன 6,600 பவுண்டு டிரெய்லரைப் பகிர்வு ஹிட்ச் இல்லாமல் அதில் மாட்டவே கூடாது. கியர் ஆயிலைத் துணியில் தொட்டு முகருங்கள்; கருகிய வாடை அடித்தால் விற்பவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.