லினக்ஸ் போட்டதும் வைஃபை காணாமல் போனதா? மாடல் பெயரை விடுங்கள், சிப்பின் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: "விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டதால் என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை வரவில்லை, ஸ்பீக்கரில் சத்தமும் இல்லை. இந்த மாடலுக்கு லினக்ஸ் ஒத்துவராதா? திரும்ப விண்டோஸே போட்டுவிடலாமா?"

போட வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள்.

இதே நிலைமையில் என் அக்கா மகள் போன நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டாள். 2016-இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 11 கேட்கிற பிராசஸர் பட்டியலில் அது இல்லை, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, அதனால் நான்தான் மின்ட் 22 போடச் சொல்லியிருந்தேன். அவளே பென்டிரைவ் தயார்செய்து அவளே போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் போன். "மாமா, வைஃபை ஐகானே வரல. கடையில கேட்டா இந்த மாடலுக்கு லினக்ஸ் வராதுங்கறாங்க."

அந்தக் கடைக்காரர் சொன்னதும் உங்கள் கேள்வியும் ஒரே இடத்தில் தவறுகின்றன. லினக்ஸுக்கு லேப்டாப்பின் மாடல் என்று ஒன்று கிட்டத்தட்ட கிடையாது. அதற்குத் தெரிவதெல்லாம் உள்ளே இருக்கும் சிப்புகள்தான். ஒரே மாடல் பெயரில், ஒரே கடையில், இரண்டு மாத இடைவெளியில் வாங்கிய இரண்டு லேப்டாப்புகளில் இரண்டு வேறு வைஃபை கார்டுகள் இருக்கலாம், ஏனென்றால் தயாரிப்பாளர் அந்தச் சமயத்தில் எது கிடைத்ததோ அதைப் பொருத்தி அனுப்புவார். அதனால் மாடல் பெயரைத் தேடிப் படிக்கிற நேரம் பெரும்பாலும் வீண். மெஷினையே கேட்க வேண்டும், அது உண்மையைச் சொல்லும்.

கேட்பது எப்படி என்று அவளுக்குப் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலை, மெனுவிலிருந்து திறந்து எல்-எஸ்-பி-சி-ஐ என்று சேர்த்து அடியுங்கள், ஒரு இடைவெளி விடுங்கள், மைனஸ் குறி, அதை ஒட்டி என்-என்-கே. எல்லாம் சின்ன எழுத்து. என்டர் தட்டினால் மதர்போர்டோடு இணைந்த முக்கியச் சிப்புகள் வரிசையாக வந்து விழும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் பத்தியைத் தேடுங்கள். அந்த வரியின் கடைசிப் பக்கம், சதுர அடைப்புக்குள், நான்கு இலக்கம், நடுவில் கோலன், அப்புறம் நான்கு இலக்கம் இருக்கும், இலக்கங்களுக்கு நடுவே ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து வரலாம். கோலனுக்கு முன்னால் இருப்பது சிப் செய்த நிறுவனத்தின் எண், பின்னால் இருப்பது அந்தக் குறிப்பிட்ட சிப்பின் எண். இன்டெல் என்றால் முன்னால் எப்போதும் 8086 என்று இருக்கும், 1978-இல் வந்த அவர்களுடைய பிராசஸரின் எண் அது. இந்த எட்டு இலக்கங்கள்தான் உங்கள் லேப்டாப்பின் உண்மையான ஜாதகம்.

அதற்குக் கீழே இரண்டு வரிகள் கொஞ்சம் உள்தள்ளி இருக்கும். 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி, 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்று ஒரு வரி. கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. முதல் வரி இருந்தால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர் அது. முதல் வரி இல்லாமல் போனால், சிப் இருப்பது லினக்ஸுக்குத் தெரிகிறது, ஆனால் அதோடு பேச ஆள் இல்லை என்று அர்த்தம்.

அக்கா மகளுக்கு அந்த வரி இல்லை. அவளைப் பலமுறை படிக்கச் சொன்னேன், ஒலிச் சிப்புக்கு இருக்கிறது, கிராபிக்ஸுக்கு இருக்கிறது, வைஃபைக்கு மட்டும் இல்லை. கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி. கார்டு செத்துப்போயிருந்தால் பெரும்பாலும் அந்தப் பத்தியே வந்திருக்காது.

இப்போது ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் சுலபம். டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. டிரைவர் என்பது கெர்னலுக்குள் இருந்துகொண்டு சிப்போடு பேசுவது. ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள்ளேயே ஓடவேண்டிய குட்டி நிரல். பல வைஃபை சிப்புகளில் அது நிரந்தரமாகப் பதிந்திருக்காது, ஒவ்வொரு முறை கணினியை எழுப்பும்போதும் டிரைவர்தான் வட்டிலிருந்து எடுத்துச் சிப்புக்குள் ஊட்டவேண்டும். டிரைவர் திறந்த மூலமாக இருக்கும்போதுகூட இந்த ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடியதாகத்தான் இருக்கும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை உருவாக்குபவர்கள் 2011-இல் வந்த ஆறாம் பதிப்பில், கட்டற்ற மென்பொருள் கொள்கைக்காக அதைக் கெர்னலிலிருந்து தனியே பிரித்துவிட்டார்கள், அதனால் வெகுகாலம் டெபியன் போட்டவர்களுக்கு வைஃபை எழும்பாமல் இருந்தது. 2022-இல் அவர்களே வாக்கெடுப்பு வைத்து மாற்றிக்கொண்டார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் வருகிறது. கொள்கைப்படி இது ஒரு இறங்கிவருதல்தான், ஆனாலும் சரியான முடிவு என்பது என் எண்ணம். முதல் நாளே இணையம் வராத கணினியை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன சுதந்திரத்தை அனுபவிக்க முடியும்?

இந்த டிரைவர்கள் சும்மா வந்துவிடவில்லை என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. பிராட்காம் வைஃபை சிப்புகளுக்கு ஒரு காலத்தில் லினக்ஸ் டிரைவரும் கிடையாது, ஆவணமும் கிடையாது. தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று குறிப்பு மட்டும் எழுதியது. அந்த மூடிய டிரைவரைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புது டிரைவரை முதலிலிருந்து எழுதியது. 2010 செப்டம்பரில் அந்த நிறுவனமே தன் சில சிப்புகளுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. இன்று நாம் ஒரு பென்டிரைவைச் செருகியதும் வைஃபை பட்டியல் வருகிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படி முகம் தெரியாத பலருடைய இரவுகள் இருக்கின்றன. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

சரி, நம் கதைக்கு வருவோம். டிரைவரோ ஃபர்ம்வேரோ இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும், இந்தச் சுற்றில்தான் முக்கால்வாசிப் பேர் நொந்துபோய் விண்டோஸுக்குத் திரும்புகிறார்கள். வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு கேபிள் நெட்வொர்க் மாதிரி எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் தனியாக வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்களில் அந்த இணையமே லேப்டாப்புக்கும் போகும், டேட்டா தீராது. ஒன்று மட்டும் கவனம்: சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா கடத்தாது. அக்கா மகள் கால் மணி நேரம் தவித்தது அப்படி ஒரு கேபிளால்தான், அக்காவின் போனோடு வந்த கேபிளை மாற்றிச் செருகியதும் டெதரிங் பொத்தான் உயிர்பெற்றது.

இணையம் வந்ததும் மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறக்கச் சொன்னேன். அவளுடைய சிப்புக்குக் கெர்னலுக்கு வெளியே இருக்கும் ஒரு மூடிய டிரைவரைக் காட்டியது, தேர்ந்தெடுத்துப் போட்டாள், நடுவில் ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொன்னது, அமைத்தாள், ரீஸ்டார்ட் செய்தாள். வைஃபை அப்போதும் வரவில்லை.

"ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு மாமா. படிக்கறதுக்குள்ள போயிடுச்சு."

அதுதான் இடம். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆன் ஆக இருந்தால், கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. நம் கணினியிலேயே தயாரான டிரைவருக்கு நம் கணினியின் சாவியால்தான் கையொப்பம், அந்தச் சாவியை நீங்கள் நேரில் உட்கார்ந்து ஒருமுறை அங்கீகரிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நீலத் திரை. 10 விநாடி காத்திருக்கும், எந்த விசையும் அழுத்தாவிட்டால் தானே கடந்துபோய்விடும். டிரைவரை நீக்கி மறுபடி போடச் சொன்னேன். இந்த முறை விரலை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டே காத்திருந்தாள். ஏதாவது ஒரு விசை, பிறகு 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்', முன்பு அமைத்த கடவுச்சொல், 'ரீபூட்'. டெஸ்க்டாப் வந்தது, பக்கத்து வீட்டு வைஃபை உட்பட ஏழு பெயர்கள் பட்டியலில் வந்தன. அவள் போட்ட சத்தத்தில் அக்கா என்னமோ ஏதோவென்று அடுக்களையிலிருந்து ஓடிவந்தது எனக்குப் போனிலேயே கேட்டது.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டாலும் இதே பலன் கிடைக்கும், பலர் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள். ஆனால் விண்டோஸும் பக்கத்தில் இருந்து அதில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆக இருந்தால், அணைத்த பிறகு விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு அந்த 'டிரைவர் இன் யூஸ்' வரி இருந்தும் வைஃபை வரவில்லை என்றால் வேறு கதை. முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' பாருங்கள், அதாவது டெர்மினலில் ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல் என்று அடித்து இடைவெளி விட்டு எல்-ஐ-எஸ்-டி. 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சோ எஃப்என் விசையோ வைஃபையை அணைத்து வைத்திருக்கிறது, மென்பொருளால் ஒன்றும் ஆகாது, அந்தச் சுவிட்சைத்தான் போடவேண்டும். அது 'நோ' என்றால் நிர்வாகி அனுமதி தரும் 'சூடோ' (எஸ்-யு-டி-ஓ) போட்டு, இடைவெளி விட்டு டி-எம்-இ-எஸ்-ஜி அடித்து, 'ஃபர்ம்வேர்' என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்று கெர்னல் பெயரோடு சொல்லியிருக்கும். அந்தப் பெயரை அப்படியே தேடினால் எந்தப் பொதியில் (பேக்கேஜில்) இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

லேப்டாப் புதிது, சிப்பும் புதிது என்றால் பெரும்பாலும் கெர்னல் பழையதாக இருப்பதுதான் காரணம். உதாரணத்துக்கு ரியல்டெக்கின் 8852ஏஇ சிப்புக்கான டிரைவர் 2022 ஜனவரியில் வந்த 5.16 கெர்னலில்தான் சேர்ந்தது, அதற்கு முந்தைய கெர்னலில் எத்தனை கட்டளை அடித்தாலும் பயனில்லை. மின்டில் அப்டேட் மேனேஜருக்குள் 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்று இருக்கிறது, அங்கே புதியதைப் போடலாம், பழையதும் அப்படியே இருக்கும், ஏதாவது சொதப்பினால் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பத்து வருடத்துக்கு முந்தைய பதில்களில் இருக்கும் கட்டளைகளை மட்டும் கண்மூடி ஒட்டாதீர்கள். யாரோ தனியாக வைத்திருக்கும் டிரைவரை இறக்கிக் கம்பைல் செய்வதையும் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கெர்னல் அப்டேட் வரும் நாளில் அது நின்றுபோக நிறைய வாய்ப்பு உண்டு, அந்த நாள் பெரும்பாலும் உங்களுக்கு ஏதாவது அவசரமான நாளாக இருக்கும்.

இப்போது சத்தம். சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் பட்டியலைப் பாருங்கள். எச்டிஎம்ஐ தேர்வாகியிருந்தால் ஸ்பீக்கருக்கு மாற்றினால் முடிந்தது. 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் இருந்தால் கெர்னல் ஒலிச் சிப்பையே பிடிக்கவில்லை, மேலே வைஃபைக்குச் சொன்ன அதே எண்ணும் அதே வரியும் பாருங்கள். அண்மைய இன்டெல் லேப்டாப்புகளில் ஒலிக்கும் தனி ஃபர்ம்வேர் வேண்டும். ஸ்பீக்கர் பட்டியலில் இருந்தும் சத்தம் இல்லை என்றால் டெர்மினலில் 'அல்சாமிக்சர்' (ஏ-எல்-எஸ்-ஏ-எம்-ஐ-எக்ஸ்-இ-ஆர்) திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் ஒலிச் சிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'ஸ்பீக்கர்' தூணின் பெட்டியில் எம்எம் என்று இருந்தால் அது வாய் மூடியிருக்கிறது, அம்பு விசையால் அங்கே போய் எம் விசையைத் தட்டினால் இரண்டு பூஜ்யமாக மாறும். வலப்பக்கம் போனால் 'ஆட்டோ-மியூட்' என்று ஒன்று வரலாம், ஹெட்போன் துளை பழுதானால் எப்போதும் ஹெட்போன் செருகியிருப்பதாகவே நினைத்து அது ஸ்பீக்கரை அடைத்து வைக்கும், அதை அணைத்துப் பாருங்கள்.

கைரேகை வாசிப்பான் மட்டும் எல்லாருக்கும் வராது. எல்-எஸ்-யு-எஸ்-பி அடித்துக் கிடைக்கும் எண், லினக்ஸில் கைரேகையைப் படிக்கும் மென்பொருளான லிப்எஃப்பிரின்ட் ஆதரிக்கும் பட்டியலில் இருந்தால் வரும், இல்லையென்றால் அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம். மூடி பையில் வைத்த லேப்டாப் சூடாகிறது என்றால் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், அது தூக்க முறை சம்பந்தப்பட்டது, இங்கே எழுதினால் நீண்டுவிடும்.

இவ்வளவும் பார்த்தும் வரவில்லை என்றால் மாடல் பெயரை எழுதாமல், அந்த 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' பத்தியையும் ஒலிச் சிப்பின் பத்தியையும் முழுதாக நகலெடுத்து இங்கே போடுங்கள், கூடவே என்ன கெர்னல் என்றும் எழுதுங்கள், 'யுனேம்' (யு-என்-ஏ-எம்-இ), இடைவெளி, மைனஸ், ஆர் என்று அடித்தால் வரும். பார்த்துச் சொல்கிறேன்.